சன்னம் முதலில், சத்தம் பிறகு: போர்ப்படங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

போர்ப்படங்களில் வரும் சண்டைக்கும் உண்மையான சண்டைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதும்படி சென்ற இதழில் வாசகர்களிடம் சொல்லியிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. திரைப்பட ஒலி, ஒளிப்பதிவு, வெடிபொருள் பாதுகாப்பு ஆகிய வேலைகள் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

படங்களில் சன்னம் ‘விஸ்க்’ என்று காதோரம் பறக்கிறது. உண்மையிலும் அப்படித்தான் கேட்குமா?
*– வாசகர், நிலாவெளி*

அந்த ‘விஸ்க்’ ஒலிக்கலவைக் கூடத்தில் சேர்க்கப்படுவது. ரி-56 துப்பாக்கியின் சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 715 மீற்றர் வேகத்தில் இருக்கும். நம்மூர் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர்தான். ஆகவே சன்னம் தன் துப்பாக்கியின் சத்தத்தை முந்திக்கொண்டு வருகிறது. 300 மீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் சுட்டால் ஏறத்தாழ அரைச் செக்கனில் அது உங்களைக் கடந்துவிடும். கடக்கும்போது காய்ந்த பனை மட்டையை முறித்தது போல ‘படக்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். அது காற்று கிழிபடுகிற சத்தம். துப்பாக்கியின் ‘டும்’ அதற்கு மூன்றிலொரு செக்கன் பிந்தித்தான் வந்து சேரும். பழகிய படையாள் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத் தூரத்தை மட்டுக்கட்டுவார். முதல் வெடிப்பை நம்பித் திசை பார்த்தால் ஏமாறவேண்டியதுதான். அது சன்னம் கடந்த இடத்தைக் காட்டுமே தவிர, சுட்டவர் இருக்கிற இடத்தைக் காட்டாது. கூவிக்கொண்டு போகிற சன்னமும் உண்டு. எதிலாவது பட்டுத் தெறித்து, உருண்டு புரண்டு போவதுதான் அப்படிக் கூவும்.

இதை அப்படியே திரையில் வைத்தால் ‘சவுண்ட் பிசகிவிட்டது’ என்று தியேட்டரில் விசிலடிப்பார்கள். அதனால் குழல் வாயில் தீ தெரிகிற கணத்திலேயே சத்தத்தையும் வைத்துவிடுகிறார்கள். போர்ப்படங்களின் பெரிய பொய் எது என்று கேட்டால் எங்கள் கை இந்த இடத்தைத்தான் காட்டும். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது படத்தில் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு ஷொட்டில் சுடுகிறவர், அடுத்த ஷொட்டில் சுடப்படுகிறவர். களத்தில் குப்புறக் கிடக்கிற ஆளுக்கு எதிரி எந்தப் பற்றைக்குப் பின்னால் இருக்கிறான் என்பது தெரியாது, பல வேளை சண்டை முடியும்வரை தெரியாது. இரத்தத்தைக் கூட்டிக் காட்டினார்களா, குறைத்துக் காட்டினார்களா என்ற விவாதமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கதாநாயகன் ஒரே மூச்சில் நிறுத்தாமல் சுடுகிறாரே, ரவை முடியாதா?
*– வாசகர், தம்பலகாமம்*

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரி-56இன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 ரவை. ஒரு மகசினில் 30. விசையை விடாமல் பிடித்தால் மூன்றே செக்கனில் காலி. திரையில் 40 செக்கன் தொடர்ந்து சுடுகிறார் என்றால் 400 ரவை வேண்டும். அதாவது 13 மகசினுக்கு மேல். ரவை நிரப்பிய இரும்பு மகசின் ஒன்று 800 கிராமுக்கு மேல் நிற்கும் என்பதால், அந்தக் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ 11 கிலோ மேலதிகச் சுமை. துப்பாக்கி, தண்ணீர், தலைக்கவசம், உடற்கவசம் எல்லாம் தனி. பிறகு எப்படி அவர் சுவர் ஏறிக் குதிக்கிறார் என்று நீங்களும் கேட்கலாம்.

உண்மையில் ஒன்றொன்றாகவோ, இரண்டு மூன்றாகவோதான் சுடுவார்கள். தொடர்ந்து சுட்டால் குழல் மேலே எழும்பிவிடும், நாலாவது ஐந்தாவது சன்னமெல்லாம் வானத்துக்குத்தான் போகும். மகசின் மூன்று நான்கு அடுத்தடுத்து முடித்தால் குழல் சூடேறி முன்பிடியே கையைச் சுடும். ரவையைச் சிக்கனப்படுத்துவது அனுபவக்காரரின் முதல் அடையாளம். அதைத்தான் படங்கள் கோழைத்தனம் போலக் காட்டுகின்றன.

கைக்குண்டின் கிளிப்பைப் பல்லால் இழுப்பது?
*– வாசகர், சாம்பல்தீவு*

பல்தான் கையோடு வரும். தற்செயலாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காக கிளிப் என்கிற அந்த ஊசியின் நுனிகளை விரித்து வளைத்திருப்பார்கள். விரலை வளையத்தில் கொழுவி, முறுக்கி, பலமாக இழுக்கவேண்டும். வெடிக்க 4–5 செக்கன் எடுக்கும். வெடித்தால் தீப்பந்து எழும்பாது. சாம்பல் நிறப் புகை, மண், ஒரு ‘டப்’, அவ்வளவுதான். கொல்வது தெறிக்கிற இரும்புச் சிதறல்.

சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். படங்களில் எந்தக் குண்டு வெடித்தாலும் செம்மஞ்சள் தீ கோபுரம் போல எழுகிறதே, ஏன்?
*– வாசகி, சீனன்குடா*

நீங்கள் கேட்கிற இடத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எரிந்த எண்ணெய்க் குதம் நாள்கணக்கில் எரிந்தது. எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். காற்றைத் தேடித் தேடி மெதுவாக எரிவதால்தான் அந்தத் தீ உயரமாகவும், புகை கரியதாகவும் இருக்கும். படப்பிடிப்பில் நீங்கள் பார்ப்பது இந்த வகைத் தீ. இரும்புக் கலமொன்றில் பெற்றோலை வைத்து, சிறிய கரிமருந்தால் மேலே தூக்கி எறிந்து பற்றவைப்பார்கள். மெதுவாக விரிவதால் கமெரா பிடிக்க வசதி, சண்டை நடிகர் தள்ளி நிற்கவும் வசதி.

ஷெல் அப்படியல்ல. அதிலுள்ள ரிஎன்ரி போன்ற மருந்துக்கு வெளிக்காற்றே தேவையில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 6,900 மீற்றர் வேகத்தில் மருந்துக்குள் வெடிப்பு ஓடி முடிந்துவிடும். செக்கனுக்கு 24 ஃபிரேம் எடுக்கிற கமெராவில் தீ ஒரு ஃபிரேமில் தெரிந்தால் பெரிய விஷயம். அடுத்த ஃபிரேமில் மண்ணும் புகையும்தான்.

மோட்டார் ஷெல் விழுகிற இடத்தில் நாயகன் நிமிர்ந்து ஓடுவதும் இதே கணக்கில் சேரும். போட்ட சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கிப் பழகிய ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 81 மில்லிமீற்றர் மோட்டார் ஷெல் ஒன்றின் சிதறல் முப்பது மீற்றருக்கு அப்பாலும் ஆளை வீழ்த்தும். சிதறல் பெரும்பாலும் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் விசிறுவதால் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறவருக்கு மேலால் போய்விட வாய்ப்பு அதிகம். சேற்று நிலத்தில் ஷெல் புதைந்து வெடிப்பதால் மண்ணே பாதியை விழுங்கிவிடும். தார் வீதியிலோ, மரக்கிளையில் பட்டோ வெடித்தால் நிலைமை மோசம். கிளையில் வெடித்தால் சிதறல் மேலிருந்து கீழே கொட்டும், அப்போது குப்புறப் படுத்தும் பயனில்லை. மரங்களுக்குக் கீழே பங்கர் வெட்டினால் மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும் கட்டாயம் என்றது அதனால்தான்.

மிதிவெடியில் கால் வைத்ததும் ‘கிளிக்’ என்கிறது. காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்று அசையாமல் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கால் இழந்தவர்கள் யாரும் ‘கிளிக்’ கேட்டதாகச் சொல்லவில்லையே?
*– வாசகர், மூதூர்*

அவர்கள் சொல்வதுதான் சரி. இலங்கையில் புதைக்கப்பட்ட ஆளெதிர் மிதிவெடிகளில் பெரும்பாலானவை அழுத்தியவுடன் வெடிப்பவை. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 ஆகட்டும், ‘ஜொனி’ என்று பேர் பெற்ற பெட்டி வெடியாகட்டும், பாரம் விழுந்த கணமே வேலை முடிந்தது. அவற்றில் இருக்கும் மருந்து கொஞ்சம்தான். ஆளைக் கொல்வதை விடக் காலைப் பறிப்பதே நோக்கம். காயப்பட்ட ஒருவரைத் தூக்க இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு.

அப்படியென்றால் அந்தக் ‘கிளிக்’ எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் புதைத்த துள்ளு மிதிவெடி ஒன்று மிதிபட்டுச் சில செக்கன் கழித்து இடுப்பளவுக்கு மேலே எழும்பி வெடிக்கும். அந்தத் தாமதம், காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்ற கதையாகத் திரிந்து திரைக்கதைக்காரர் கைக்குப் போயிருக்கவேண்டும். வசனம் பேச அரைமணி நேரம் கிடைக்கிறதே, விடுவார்களா? உண்மை மிதிவெடி யாருக்கும் வசனம் பேச நேரம் தருவதில்லை.

வெடி அகற்றும் வேலையையும் படங்கள் தலைகீழாகவே காட்டுகின்றன. ஒஸ்கார் வாங்கிய ‘த ஹேர்ட் லொக்கர்’ படத்தில் முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள கவச உடை போட்ட ஒருவர் குண்டை நோக்கித் தனியே நடந்து போய்க் கையால் வயரை வெட்டுவார். அந்தத் தொழிலில் இருந்த அமெரிக்கப் படையினர் பலர் அதைக் கண்டித்தார்கள். கையால் தொடுவது கடைசி வழி. முதலில் தூரத்திலிருந்து ரோபோ, முடிந்தால் இருந்த இடத்திலேயே வெடிக்கவைப்பது, எப்போதும் குழுவாக இயங்குவது, இதுதான் முறை. வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் உட்படப் பலர் செய்த மிதிவெடி அகற்றல் இன்னும் மெதுவானது: ஏறத்தாழ ஒரு மீற்றர் அகல ஒழுங்கை, முகத்துக்கு வைசர் என்ற ஒளிபுகும் கவசம், மண்ணை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக வாரி எடுக்க ஒரு வாரி, துப்புரவு செய்த எல்லைக்கு வெள்ளை அடையாளம், ஆபத்துப் பக்கம் சிவப்பு. மேலிருந்து குத்தினால் அழுத்துகிற தட்டில் படும், பக்கவாட்டில் வந்தால் வெடியின் விளிம்பில் படும். அந்த வித்தியாசம்தான் முழு வேலையும். இதைப் படமாக்கினால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் கேட்பார். நாங்கள் பார்ப்போம்.

சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற காணிக்குள் விறகுக்கோ மாட்டைத் தேடியோ போகாதீர்கள். தவறிப் போய்விட்டால் வந்த காலடித் தடத்தில் அப்படியே பின்னால் திரும்புங்கள். தடம் தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கூப்பிடுங்கள்.

சைலன்சர்?
*– வாசகர், கன்னியா*

‘சுக்’ என்று கேட்பது படத்தில் மட்டும். ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். சைலன்சர் 20 முதல் 35 டெசிபல் குறைக்கும். மிஞ்சுவதே தெருவை எழுப்பப் போதும். ஒலியை மிஞ்சிப் போகிற சன்னத்தின் ‘படக்’கை அது தொடவும் முடியாது.

துப்பாக்கிச் சண்டையில் கார்க் கதவுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். தாங்குமா?
*– வாசகர், கிண்ணியா*

கைத்துப்பாக்கிக்கே சந்தேகம், ரைபிளுக்குத் தாங்கவே தாங்காது. காரில் சன்னத்தை நிறுத்தக்கூடியது எஞ்சின் மட்டும்தான், அடுத்தபடியாகச் சில்லின் இரும்பு வளையம். தகர பீப்பாய், மேசை, வாழை மரம் எல்லாம் மறைக்கும், காக்காது. நாலங்குலப் பொள் சீமெந்துக் கல்லால் கட்டிய சுவரை ரைபிள் சன்னம் ஒரே இடத்தில் பட்டுப் பட்டு உடைத்துவிடும். இறுக்கி நிரப்பிய மண்மூட்டை என்றால் ஏறத்தாழ அரை மீற்றர் தடிப்பு வேண்டும். மண் நனைந்து குழைந்திருந்தால் இன்னும் கூட. பெற்றோல் தாங்கியில் ஒரு சன்னம் பட்டதும் வாகனம் வெடிப்பதும் கிடையாது. ஓட்டை விழும், ஒழுகும்.

சுடுபட்டவர் பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவதும் கம்பியின் உபயம். 8 கிராம் சன்னம் 70 கிலோ ஆளுக்குக் கொடுக்கிற தள்ளு செக்கனுக்கு எட்டு சென்ரிமீற்றர் வேகம்தான். பெரும்பாலும் இருந்த இடத்திலேயே மடிவார்கள். சிலர் சுடுபட்டதையே உணராமல் மேலும் பல அடி ஓடுவதும் உண்டு.

காயத்திலிருந்து கத்தியைச் சூடாக்கிச் சன்னத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். தாதியாக வேலை செய்கிற எனக்கு அந்தக் காட்சி வந்தாலே எரிச்சல்.
*– வாசகி, திருகோணமலை நகரம்*

எரிச்சல் நியாயமானது. உள்ளே கிடக்கிற சன்னம் உடனடி ஆபத்தில்லை, பலர் அதோடு வாழ்கிறார்கள். கொல்வது இரத்தப்போக்கு. தொடையின் பெரிய நாடி அறுந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் உயிர் போகலாம். அந்த நேரத்தில் கத்தியை விட்டுக் கிளறுவது இரத்தம் கட்டத் தொடங்கிய இடத்தையும் திறந்துவிடும்.

நீங்கள் அறிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறோம். கை, காலில் இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக 5–7 சென்ரிமீற்றர் விட்டு, மூட்டின் மேல் வராமல், நாலு சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமுள்ள துணிப்பட்டியால் கட்டி, தடியொன்றைச் செருகித் திருகவேண்டும். இரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். வலியால் கத்துவார், அதற்காகத் தளர்த்தாதீர்கள். கயிறும் வயரும் தசையை அறுக்கும், வேண்டாம். கட்டிய நேரத்தை எழுதி ஒட்டுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலையில் சேரவேண்டும். இடையில் ‘கொஞ்சம் இரத்தம் ஓடட்டும்’ என்று அவிழ்த்துப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. வயிறு, நெஞ்சுக் காயத்துக்கு இந்தக் கட்டு உதவாது. வாகன விபத்துக்கும் இதே முறைதான். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் போர்ப்படம் ஓடினால் அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுகிறா. சத்தத்தைக் குறைத்தால் வசனம் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
*– வாசகி, உவர்மலை*

வசனத்துக்கும் வெடிக்கும் உள்ள ஒலி வித்தியாசத்தைப் படத்தில் வேண்டுமென்றே பெரிதாக வைக்கிறார்கள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்புக்குள் ‘நைட் மோட்’ அல்லது ‘ஒட்டோ வொலியூம்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வெடி தணிந்து வசனம் எழும்பும். தனி ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் சப்வூஃபரை நிறுத்திவிடுங்கள். சுவரையும் நெஞ்சையும் அதிரவைப்பது அந்தத் தாழ்ந்த ஒலிதான், குசினிக் கதவைச் சாத்தினாலும் அது கதவைத் தாண்டிப் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஹெட்போன் வாங்குங்கள்.

‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் கரையிறங்கும் காட்சி ஏன் இப்போதும் உதறுகிறது?
*– வாசகர், உப்புவெளி*

முக்கிய காரணம் ஷட்டர், அதாவது கமெராவுக்குள் சுழன்று வெளிச்சத்தை விட்டு விட்டு மறைக்கிற தட்டு. வழக்கமான படப்பிடிப்பில் ஷட்டர் 180 பாகை திறந்திருக்கும். 24 ஃபிரேமில் ஒவ்வொன்றுக்கும் செக்கனில் 48இல் ஒரு பங்கு வெளிச்சம். அசைவு சற்று மசங்கி, கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி அதை 90, 45 பாகையாகக் குறைத்தார். 45இல் செக்கனில் 192இல் ஒரு பங்குதான். மசங்கல் போய்விடுவதால் பறக்கிற ஒவ்வொரு மண்துகளும் தனித்தனியே தெறிக்கிறது, ஓடுகிற மனிதன் வெட்டி வெட்டி ஓடுகிறான். லென்ஸின் மேற்பூச்சையும் நீக்கவைத்தார்கள். கமெரா பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கும். 1998இல் வந்த இந்தப் படத்தின் கடற்கரை அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கிறது, கதை நடக்கிற பிரான்சின் நோர்மண்டியில் அல்ல.

பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கமெராவை உலுக்கினால் போர் வந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்ப் படங்களிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. அந்தக் காட்சியின் பலம் வேறிடத்தில்: கதவு திறந்த படகில் முன்வரிசை ஆள்கள் விழும்போது யார் எங்கிருந்து சுட்டார் என்பதை அவர்களால் அறியவே முடிவதில்லை.

படப்பிடிப்பில் நிஜத் துப்பாக்கியா?
*– வாசகர், குச்சவெளி*

பல படங்களில் நிஜத் துப்பாக்கியை மாற்றியமைத்துச் சன்னமில்லாத வெற்று ரவை போடுவார்கள். தானியங்கித் துப்பாக்கி அடுத்த ரவையை ஏற்றுவது குழலில் அடைபடும் வாயுவின் பலத்தால். சன்னம் இல்லாவிட்டால் வாயு முன்னால் தப்பிவிடும், துப்பாக்கி ஒரு வெடியோடு நின்றுவிடும். ஆகவே குழல் வாய்க்குள் வெளியே தெரியாதபடி சிறிய துளையுள்ள அடைப்பு ஒன்றைப் பூட்டுவார்கள். திரைக்கான வெற்று ரவையில் தீ கூடுதலாகத் தெரியும்படி மருந்து கலப்பதும் உண்டு. பகல் வெளிச்சத்தில் உண்மைத் துப்பாக்கியின் தீ பெரிதாகத் தெரிவதில்லை.

வெற்று ரவை ஆபத்தில்லாதது என்று நினைக்கவேண்டாம். கிட்ட வைத்துச் சுட்டால் வாயுவே கொல்லும். 1993இல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தது, முந்திய காட்சிக்குப் போட்ட போலி ரவையின் (சன்னம் இருக்கும், மருந்து இருக்காது) சன்னம் குழலுக்குள் சிக்கியிருந்ததை யாரும் பார்க்காததால். பிறகு போட்ட வெற்று ரவை அதைத் தள்ளி வெளியே எறிந்தது. குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இப்போதைய யுத்தத்தில் ட்ரோன்தான் எல்லாம் என்கிறார்கள். படங்களில் ஏன் அது சரியாக வருவதில்லை?
*– வாசகர், சேருவில*

உக்ரேனில் ஓட்டுபவர் கண்ணாடி அணிந்து, ட்ரோனின் கண்ணாலேயே பார்த்து, ஆர்பிஜி என்கிற தோளில் வைத்து ஏவும் ரொக்கெட்டின் தலைப்பகுதி கட்டிய நாலு விசிறி ட்ரோனை ஒரு தனி ஆளைக் குறிவைத்தே ஓட்டுகிறார். வானொலி அலையைக் குழப்பித் தடுத்தார்கள். உடனே கிலோமீற்றர் கணக்கில் மெல்லிய கண்ணாடி இழையை அவிழ்த்தபடி பறக்கிற ட்ரோன் வந்தது, அதற்குக் குழப்பல் ஏறாது. வீதிகளுக்கு மேலே வலை கட்டவேண்டிய நிலை. இரைச்சல் கேட்கும், ஆள் இருக்கமாட்டார், முகம் இருக்காது. எதிரியின் முகத்தைக் காட்டியே கதை சொல்லிப் பழகிய சினிமா இதற்கு என்ன செய்வது என்று இன்னும் தடுமாறுகிறது. ஆயுதமே படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறதே என்பது இன்னொரு சங்கடம்.

கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறோம். கடற்கரையில் ஐந்து நிமிடப் போர்க் குறும்படம் எடுக்கப் போகிறோம். கையில் காசில்லை. எதைக் கவனிக்கவேண்டும்?
*– மாணவர் குழு, நிலாவெளி வீதி*

முதலில் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பொம்மைத் துப்பாக்கி என்றாலும் தூரத்தில் பார்ப்பவருக்கு அது துப்பாக்கிதான். இராணுவச் சீருடையைப் பொதுமக்கள் அணிந்தால் சட்டச் சிக்கல் வரும், எனவே எந்த நாட்டுப் படையென்று சொல்லமுடியாத ஒற்றைநிற உடை போதும். சுற்று வீடுகளுக்கு முதல்நாளே போய்ச் சொல்லுங்கள்.

வெடி வைக்கவே வேண்டாம், பட்டாசும் வேண்டாம். கடற்கரை மணல் பாரம், எழும்பி நிற்காமல் உடனே விழுந்துவிடும். சலித்த காய்ந்த களிமண் தூள் இரண்டு மூன்று கிலோ கொண்டுபோங்கள். ஃபிரேமுக்கு வெளியிலிருந்து மண்வெட்டியால் இருவர் எறிந்தால் கமெராவுக்குப் போதும். கோதுமை மா பயன்படுத்தாதீர்கள், காற்றில் பரவிய மா தீப்பொறி கண்டால் பற்றும். யூரியூப்பைப் பார்த்துப் பிவிசி குழாய்க்குள் காற்றடைக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடச் சொல்லுங்கள். அழுத்தத்தில் அது கூரான துண்டுகளாகச் சிதறும்.

சத்தத்தைப் பிந்தி வையுங்கள். 24 ஃபிரேம் என்றால், ஏறத்தாழ 15 மீற்றருக்கு ஒரு ஃபிரேம். நூறு மீற்றர் தள்ளி ஷெல் விழுவதாகக் காட்டினால் 7 ஃபிரேம். சுடுகிறவரை ஒரு ஷொட்டிலும் காட்டாதீர்கள், செலவும் மிச்சம். கமெரா நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழவேண்டாம். உப்புக்காற்றுக்கு லென்ஸை அடிக்கடி துடையுங்கள்.

இரத்தத்துக்கு: ஒரு கோப்பை சீனி, அரைக் கோப்பை தண்ணீர், பாகாகக் காய்ச்சி ஆறவிட்டு, சிவப்புச் சாப்பாட்டு நிறம் இரண்டு தேக்கரண்டி, கொக்கோத் தூள் அரைத் தேக்கரண்டி. கொக்கோ இல்லாவிட்டால் சர்பத் போலத் தெரியும். மணலில் விழுந்த இரத்தம் சீக்கிரம் மண்ணிறமாகிவிடும், ஆகவே இரண்டாவது ஷொட்டுக்குக் கொக்கோவை இரட்டிப்பாக்குங்கள். சீனிப்பாகு என்பதால் எறும்பு வரும், நடிகரை நீண்ட நேரம் படுக்கவைக்காதீர்கள்.

மேலிருந்து ஒரு ஷொட் வேண்டுமென்றால், ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் தேவை. அவை கையில் இருந்தாலும் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் இருக்கிற பக்கத்துக்கு அதைத் திருப்பவே வேண்டாம்.